சோலார் போட்டாச்சு, சரி; நன்மை எங்கே நடக்கிறது?

திருப்பூர், பல்லடம், பெருந்துறை என்று எந்தப் பக்கம் போனாலும் ஷெட் கூரைகள் ஒவ்வொன்றாகக் கருநீலம் ஆகிக்கொண்டு வருகின்றன. கூடவே பேச்சும் வளர்கிறது. “சோலார் கரண்டுல மாசுங்கறதே இல்லீங்க” என்பார் ஒருவர். “அட, அந்த பிளேட்டைச் செய்யறதுக்கே அத்தனை கரண்ட் ஆகுதுங்க, இதெல்லாம் துணி வாங்கற வெளிநாட்டு பையருக்குக் கணக்குக் காட்டத்தான்” என்பார் இன்னொருவர். முன்னவர் சோலார் விற்பவராக இருப்பார். பின்னவர் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவராக இருப்பார். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய விடுபடுகிறது.

ஒரு தொழிற்கூடம் சோலார் போட்டால் சுற்றுச்சூழலுக்கும் ஊருக்கும் என்ன நடக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்ற கணக்கு இங்கே கிடையாது. அதைச் சொல்ல ஆட்கள் கால்குலேட்டரோடு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கிணறும் வாய்க்காலும்

கீழ்பவானிப் பாசனத்தில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, தோட்டத்தில் சொந்தக் கிணறும் இருக்கிறது. கிணறு ஊறியிருக்கும்போது அதை இறைத்துக்கொள்கிறார். பற்றாததற்கு மடையைத் திறக்கிறார். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்ததால் மஞ்சளுக்குத் தனி மகிமை எதுவும் வந்துவிடாது. அவர் மடையைக் குறைவாகத் திறந்தாரே, அந்த அளவு தண்ணீர் பவானிசாகர் அணையில் மிச்சமாகிறது. நன்மை நடந்தது அங்கே.

ஈ.பி. லைன்தான் அந்த வாய்க்கால். மின்நிலையங்களையும் மின்சாரம் வாங்குவோரையும் நாடு முழுக்க இணைக்கிற கம்பி வலைக்கு மின்தொகுப்பு என்று பெயர். கிரிட் என்றால் எல்லோருக்கும் புரியும். உங்கள் கூரை சோலார் சொந்தக் கிணறு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் அணையில் காத்திருக்கும், மின்சாரம் காத்திருக்காது. கிரிட்டில் எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். அதனால் மதியம் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் நூறு கிலோவாட் குறைவாக இழுத்தால், எங்கோ ஒரு மின்நிலையம் அந்த நேரத்திலேயே அந்த அளவுக்கு உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும்.

ஆகவே சோலாரின் சுற்றுச்சூழல் நன்மை உங்கள் கூரையில் நடப்பதில்லை. வேறு எங்கோ எரியாமல் போன நிலக்கரியில்தான் அது இருக்கிறது. இந்த ஒன்று பிடிபட்டால் மற்ற குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

கூரையில் நடப்பது

சோலார் பேனல் என்பது சிலிக்கான் தகடுகளைக் கண்ணாடிக்கு அடியில் அடுக்கி வைத்தது. வெளிச்சம் படும்போது சிலிக்கானுக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து ஒரே திசையில் ஓடுகின்றன. அதுதான் மின்னோட்டம். நகரும் பாகம் கிடையாது, எரிவதும் எதுவும் இல்லை.

வேலை செய்வது வெளிச்சமே தவிர சூடு அல்ல. “நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு மீட்டர் பிச்சுக்கிட்டு ஓடும்” என்று நம்புகிறவர்கள் நிறைய. பேனலின் திறனை 25 டிகிரி செல்சியஸில் வைத்துத்தான் அளக்கிறார்கள். அதற்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இறங்கும். சித்திரை மதியத்தில் தகரக் கூரை மேல் இருக்கும் பேனல் அறுபது டிகிரியைத் தொட்டுவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் அங்கேயே போச்சு. வானம் பளிச்சென்று இருந்து காற்றும் குளிர்ச்சியாக ஓடுகிற மாசி மாதத்து நாள்தான் பேனலுக்குப் பிடித்த நாள்.

பேனலில் இருந்து வருவது பேட்டரியில் இருப்பதுபோல ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மோட்டாரும் தையல் மெஷினும் கேட்பது ஈ.பி. லைனில் வருகிற, திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம். முதலாவதை இரண்டாவதாக மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். லைனின் துடிப்போடு ஒத்துப்போகும்படி அது மின்சாரத்தை உள்ளே தள்ளுகிறது. முதலில் உங்கள் மெஷின்கள் எடுத்துக்கொள்ளும். மிஞ்சினால் லைனுக்குப் போகும், பற்றாவிட்டால் லைனிலிருந்து வரும். யாரும் சுவிட்சை மாற்ற வேண்டியதில்லை.

“ஏனுங்க, அப்ப கரண்ட் போனாலும் தறி ஓடுங்களா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். ஓடாதுங்க. ஒத்துப்போக லைன் இல்லையென்றால் இந்த வகை இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் மேல் உங்கள் கூரைக் கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக. பேட்டரியோ, ஜெனரேட்டரோடு சேர்ந்து ஓட வைக்கும் தனிக் கருவியோ இருந்தால் கதை வேறு.

இதுவரை பார்த்தது: வெளிச்சம் மின்சாரமாகிறது, இன்வெர்ட்டர் அதை லைனோடு சேர்க்கிறது, நீங்கள் லைனிலிருந்து இழுப்பது குறைகிறது. அப்படிக் குறைவதன் பலன் என்ன என்பதுதான் அடுத்தது.

எரியாமல் போன நிலக்கரி

கணக்குக்கு ஒரு பனியன் கம்பெனியை வைத்துக்கொள்வோம். தையலும் செக்கிங்கும் பேக்கிங்கும் நடக்கிற ஷெட், கூரையில் 100 கிலோவாட் சோலார். கிலோவாட் என்பது ஒரு நேரத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரம் வரும் என்பதன் அளவு. ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், ஈ.பி. பில்லில் இருக்கும் அதே யூனிட். நம் பகுதியில் ஒரு கிலோவாட் பேனல் வருடச் சராசரியாக நாளைக்கு நான்கு யூனிட் தரும். ஆக 100 கிலோவாட்டுக்கு நாளைக்கு 400, வருடத்துக்கு 1.4 லட்சம் யூனிட்டுக்குச் சற்று மேல்.

இந்த 1.4 லட்சம் யூனிட் லைனிலிருந்து வந்திருந்தால்? இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில் இருந்துதான். உள்நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் கரி எரிய வேண்டும். அந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அப்படியென்றால் வருடத்துக்குச் சுமார் நூறு டன் கரி எரியவில்லை, முப்பது டன் சாம்பல் விழவில்லை. கார்பன் டை ஆக்சைடு என்று பார்த்தால், நீர்மின்சாரம், காற்றாலை எல்லாம் கலந்த நாட்டுச் சராசரியே யூனிட்டுக்கு 0.7 கிலோ, அந்தக் கணக்கில் நூறு டன். அப்படி மிச்சமானது முழுக்க நிலக்கரி மின்சாரம்தான் என்றால் இன்னும் கூடும்.

கார்பனைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இதில் பெரிதாகப் படுவது தண்ணீர். அனல்மின் நிலையத்தில் கரியை எரித்து நீராவி உண்டாக்கி, அந்த நீராவியைத் திரும்பக் குளிரவைக்க வேண்டும். குளிர்விக்கும் கோபுரத்திலிருந்து வெள்ளையாகப் புகைபோல் போவது பெரும்பாலும் தண்ணீர்தான். இப்படிப்பட்ட பழைய நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015இல் வரம்பு போட்டது. அந்த வரம்பை வைத்தே பார்த்தாலும் நம் பனியன் கம்பெனி வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் லிட்டரை மிச்சம் பிடிக்கிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிக்கு நாற்பது நடை. மேட்டூர் அனல்மின் நிலையம் குடிப்பது காவிரித் தண்ணீரை. ஆயிரம் அடி போர் போட்டும் உப்புத் தண்ணீரே வருகிற ஊர்களில் இருந்துகொண்டு இதைச் சின்னக் கணக்கு என்று ஒதுக்க முடியாது. தூத்துக்குடி, வடசென்னை நிலையங்கள் கடல் தண்ணீரில் குளிர்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீங்கள் குறைத்த யூனிட் எந்த நிலையத்தில் குறைகிறது என்பதைப் பொறுத்துத் தண்ணீர்க் கணக்கு மாறும்.

சரி, பேனலைச் செய்ய ஆகும் மின்சாரம்? ஆகத்தான் செய்கிறது. மணலிலிருந்து சிலிக்கானைப் பிரித்துச் சுத்தப்படுத்த ஏகப்பட்ட வெப்பம் வேண்டும். உலகத்தின் பேனல் உற்பத்தியில் எண்பது சதவீதத்துக்கு மேல் சீனாவில் நடக்கிறது, அங்கும் நிலக்கரிதான் அதிகம். அத்தனையும் கணக்கில் எடுத்து, செய்வதில் தொடங்கி உடைத்துப் போடுவது வரையிலான வெளியேற்றத்தை ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2014 அறிக்கையில் தொகுத்தது. நிலக்கரிக்கு யூனிட்டுக்கு 820 கிராம், கூரை சோலாருக்கு 41 கிராம். ‘மாசே இல்லை’ என்பவர் இந்த 41 கிராமை மறந்துவிடுகிறார், ‘எல்லாம் ஏமாற்று’ என்பவர் 820ஐ மறந்துவிடுகிறார். இருபதில் ஒரு பங்கு. செய்ய ஆன சக்தியை ஒரு பேனல் முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடும். அதன் ஆயுளோ இருபத்தைந்து வருடம்.

எல்லாத் தொழிலுக்கும் ஒரே பலன் இல்லை

பனியன் கம்பெனி பகலில் ஓடுகிறது. சோலாரும் பகலில் வருகிறது. இவ்வளவு பொருத்தம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஸ்பின்னிங் மில்லைப் பாருங்கள். மூன்று ஷிப்ட், இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்டம். இரண்டு மெகாவாட் ஒரே சீராக இழுக்கும் மில் நாளைக்கு 48,000 யூனிட் சாப்பிடும். (மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட்.) கூரை முழுக்கப் பேனல் போட்டு ஒரு மெகாவாட் வைத்தாலும் வருவது நாளைக்கு 4,000 யூனிட், நூற்றுக்கு எட்டு. அந்த மில் வாசலில் ‘சூரிய சக்தியில் இயங்கும் ஆலை’ என்று போர்டு வைத்தால் மீதி தொண்ணூற்றிரண்டுக்கு யார் பதில் சொல்வது? அதனால்தான் மில்கள் வேறு ஊரில் நிற்கும் காற்றாலை, சோலார் பண்ணைகளில் பங்கு எடுத்து, அந்த மின்சாரத்தை ஈ.பி. கம்பி வழியாக வரவழைத்துக்கொள்கின்றன. குரூப் கேப்டிவ் என்பது இந்த ஏற்பாடுதான்: பயன்படுத்துவோர் சேர்ந்து குறைந்தது 26 சதவீதம் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே பயன்படுத்த வேண்டும் என்பது 2005 விதி.

கொங்கு மில்களுக்குச் சுத்த மின்சாரம் புதிதும் அல்ல. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை நட்டவர்களிலும் மில்காரர்கள் நிறைய. அந்தக் காற்று ஆனி, ஆடியில் அள்ளிக்கொண்டு போகும்போது வானம் மூட்டமாகி சோலார் சற்றுப் படுக்கும். காற்று நின்ற மாதங்களில் வெயில் கைகொடுக்கும். ஒன்றுக்கொன்று நல்ல ஜோடி.

சாயப்பட்டறைக்கு வந்தால் கணக்கு இன்னும் சிக்கல். 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு இல்லாமல் பட்டறை ஓட்ட முடியாது என்றானது. நொய்யல் ஆற்றுக்கு அது தேவைதான். ஆனால் தண்ணீரை அழுத்திப் பிழியும் ஆர்.ஓ. மின்சாரத்தைக் குடிக்கும், மிச்ச உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் ஆவியாக்கி நீராவி கேட்கும், சாயத் தொட்டியும் நீராவி கேட்கும். அந்த நீராவி பாய்லரில் விறகோ கரியோ எரித்து வருவது. கூரையில் எத்தனை பேனல் வைத்தாலும் பாய்லரில் ஒரு கட்டை குறையாது. வெளிநாட்டு பையர்களின் ஆடிட் படிவத்தில் இதனால்தான் இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள்: உங்கள் வளாகத்தில் நீங்களே எரிப்பது ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரத்துக்காக வேறு இடத்தில் எரிவது ஸ்கோப் 2. கூரை சோலார் தொடுவது இரண்டாவதை மட்டும்.

இன்னொன்றும் உண்டு. நாடு முழுக்கப் பகலில் சோலார் பெருகப் பெருக, மதிய நேரத்தில் லைனில் மின்சாரம் தாராளமாகிறது. தட்டுப்பாடு சாயங்காலத்துக்கு நகர்கிறது. சூரியன் இறங்கி வீடுகளில் விளக்கு எரியும் நேரத்தில் நிலக்கரி நிலையங்கள் மூச்சு வாங்குகின்றன. ஆகவே ஆறு மணிக்கு மேல் செய்யும் ஒரு வேலையை மதியத்துக்கு மாற்ற முடிந்தால், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதோ கம்ப்ரஸர் வேலையோ எதுவானாலும், புதிதாகப் பேனல் வாங்காமலே நன்மை கூடும்.

சுருக்கமாக: உங்கள் தொழில் எந்த நேரத்தில் ஓடுகிறது, அதில் எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நீராவி என்ற இரண்டைப் பொறுத்துத்தான் பலன். கூரையின் நீள அகலம் அதற்கு அப்புறம்தான்.

ஊருக்கு என்ன கிடைக்கிறது

முதலில் ஷெட்டுக்குள்ளேயே பார்ப்போம். தகரக் கூரைக்குச் சில அங்குலம் மேலே பேனல் நிற்கிறது, இடையில் காற்று ஓடுகிறது. வெயில் தகரத்தில் நேரே விழாமல் பேனலில் விழுகிறது. பங்குனி, சித்திரையில் தையல் மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த நிழல் தெரியும். எந்த ஆடிட் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

அதே கூரையில் ஆபத்தும் இருக்கிறது. பஞ்சு பறக்கிற இடங்களில் பேனல் மேல் தூசி மெத்தையாகப் படியும், கழுவியாக வேண்டும். போர் தண்ணீரை அப்படியே ஊற்றிக் காயவிட்டால் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் படலம் பிடிக்கும், பிறகு தேய்த்தாலும் போகாது. வெயில் ஏறும் முன்பே, உப்புக் குறைந்த தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கழுவ ஏறுகிறவர் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டில் கால் வைத்தால் ஓடு உடைந்து கீழே வருவார். நடைபாதைப் பலகையும் இடுப்புக் கயிறும் கொட்டேஷனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சமூக நன்மை பற்றிப் பேச வேண்டும்.

மதில் சுவருக்கு வெளியே வந்தால் கம்பி. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு உயர் அழுத்த மின்பாதை வந்தபோது, விளைநிலத்தில் கோபுரம் வேண்டாம் என்று ஈரோடு, திருப்பூர் விவசாயிகள் போராடியது நினைவிருக்கும். தொலைவில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் யாருடைய காட்டிலோ கோபுரக் கால் நிற்கிறது. கூரையில் எடுத்து அங்கேயே செலவழிக்கும் யூனிட்டுக்குக் கோபுரம் தேவையில்லை, வழியில் கம்பியில் கரைந்து போவதும் இல்லை.

வேலை வாய்ப்பையும் சொல்வார்கள். உண்மைதான், ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்குப் பொருத்துவதிலும் பராமரிப்பதிலும் உள்ளூரில் வேலை இருக்கிறது. ஆனால் பொருத்தும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். நின்று நிலைப்பது பராமரிப்பு வேலைதான், அதற்கு அத்தனை பேர் வேண்டாம். இதைப் பெரிதாக ஊதிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பேசாமல் தாண்டிப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. கொங்கு நாட்டில் மின்கட்டணம் எப்போதுமே வெறும் பில் அல்ல. 1970இல் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இன்றைக்குத் தோட்டத்து மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். இந்தச் சலுகைகளை அரசு மானியம் ஒரு பக்கம் தாங்குகிறது, உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் பெரிய தொழிற்கூடங்கள் கட்டும் கூடுதல் கட்டணம் இன்னொரு பக்கம் தாங்குகிறது. பெரியவர்கள் சோலாருக்கு மாறி ஈ.பி.யிடம் வாங்குவதைக் குறைத்தால், கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆகும் செலவு அப்படியே இருக்க, வருமானம் மட்டும் குறையும். அந்தப் பள்ளத்தை நிரப்ப வாரியம் கேட்பதுதான் கூரை சோலாருக்கான நெட்வொர்க் கட்டணம். சிறுதொழில்காரர்கள் அதை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது: பெரிய மில்லுக்கும் பத்து மெஷின் ஷெட்டுக்கும் அந்தச் சுமை ஒரே மாதிரி விழக்கூடாது. ஆனால் கட்டணமே கூடாது என்றால், கூரை இல்லாதவர்களும் வாடகை ஷெட்டில் ஓட்டுகிறவர்களும் சேர்த்துக் கட்டுவார்கள். சோலாரின் சமூக நன்மை எவ்வளவு என்பதைப் பேனலைவிட இந்தக் கட்டண விதிகளே அதிகம் தீர்மானிக்கின்றன.

‘சும்மா கிடக்கிற காடு’

கூரை போதாமல் நிலத்துக்குப் போகும்போது ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மானாவாரி நிலம் மலிவு. தரிசுதானே என்று கேட்கிறார்கள். அங்கே தரிசு என்று கண்ணுக்குப் படுவதில் பாதி கொறங்காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த இடம். மரத்தை வெட்டிப் புல்லைச் சுரண்டிவிட்டுப் பேனல் நட்டால் கார்பன் கணக்கில் லாபம் வரலாம். மாடு வைத்திருப்பவர் கணக்கில் வராது. பேனலை உயரமாக நிறுத்தி அடியில் ஆடு மேய விடலாம், செலவு கூடும். என்னைக் கேட்டால், ஊரில் இத்தனை மில் கூரையும் கிடங்குக் கூரையும் காலியாகக் கிடக்கும்போது கொறங்காட்டைத் தொட அவசரம் ஒன்றுமில்லை.

பழைய பேனல்

இருபத்தைந்து வருடம் கழித்து? பேனலின் எடையில் முக்கால் பங்கு கண்ணாடி, சட்டம் அலுமினியம். இவை எளிதாக மறுசுழற்சியாகும். உள்ளே கொஞ்சம் வெள்ளி, பற்றவைத்த இடங்களில் கொஞ்சம் ஈயம். உடைத்துக் குப்பையில் போட்டால் ஈயம் மண்ணுக்குப் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் அடக்கம். 2034-35 வரை சேரும் பேனல் கழிவை முறையாகச் சேமித்து வைக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. பழைய இரும்புக்காரர் அலுமினியச் சட்டத்துக்கு நல்ல விலை சொல்வார், கண்ணாடியை எங்கே கொட்டுவார் என்று சொல்லமாட்டார். உடைந்த பேனலைத் திரும்ப எடுத்துக்கொள்வது யார் என்ற ஒரு வரியைக் கொட்டேஷன் வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆலங்கட்டி மழைக்கும் குரங்குக்கும் உடைகிற பேனல் இருபத்தைந்து வருடம் காத்திருப்பதில்லை.